மூன்று தட்டுக்கு ஒரு தட்டு

மழை நின்றுவிட்டது. எங்கள் வீட்டு இணையம் மட்டும் இன்னும் காயவில்லை.

அது வருவது பழைய டெலிபோன் கம்பி வழியாக. தெருமுனையில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று உண்டு. அதற்குள் தண்ணீர் இறங்கினால், காய்கிற வரைக்கும் எங்கள் வீட்டில் படமும் பேச்சும் விட்டுவிட்டுத்தான் வரும். "நெட்டுக்கு ஜலதோஷம்" என்பார் என் கணவர். அவர் சொன்னால் சிரிப்பு வரும். அன்று காலை மகள் அதையே சொன்னபோது நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவர் போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. வீட்டில் நானும் மகளும்தான். அவளைக் கிளி என்று கூப்பிடுவோம். சின்ன வயதில் யார் என்ன சொன்னாலும் அப்படியே திருப்பிச் சொல்வாள். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்று அவர் வைத்த பெயர். இப்போது அதுவே அவள் பிழைப்பு. மருத்துவமனையில் டாக்டருக்கு ஒரு மொழி, நோயாளிக்கு ஒரு மொழி என்றால், நடுவில் ஒரு திரையில் கிளி வருவாள். இவர் சொன்னதை அவருக்குச் சொல்வாள், அவர் சொன்னதை இவருக்குச் சொல்வாள். எல்லாம் எங்கள் உள்ளறையில் உட்கார்ந்தபடியே.

போன வாரம் இந்தத் தொடரைப் படித்தவர்களுக்கு நடந்தது நினைவிருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு டாக்டர் ஒரு பெண்ணிடம் அவள் கணவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பாதி வாக்கியத்தில் எங்கள் இணைப்பு அறுந்தது. டாக்டர் முழுவதையும் சொல்லிவிட்டார். கிளியின் காதுக்கு வரவில்லை. வேறொருவர் கிடைத்துச் சொல்லும்வரை அந்தப் பெண், திரையில் உறைந்து நின்ற கிளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். மேலாளர் எச்சரிக்கை அனுப்பிவிட்டார். இனி ஒரு தடவை அறுந்தால் வேலை கிடையாது. அன்று மதியம் அவள் பேசுவதை அவரும் கூட இருந்து கேட்பதாக ஏற்பாடு.

ஆகவே மதியத்துக்குள் புது இணைப்பு வந்தாக வேண்டும். எனக்கோ அது வேண்டாம். காரணம் சுவருக்குள் இருந்தது.

"உட்காரும்மா. ஒருதடவை முழுசா கேட்டுட்டு அப்புறம் வேண்டாம்னு சொல்லு," என்றாள் கிளி.

உட்கார்ந்தேன். முந்தின நாள் மாலை தெருவில் வீடு வீடாகப் போய் விசாரித்துவிட்டு வந்திருந்தாள். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

"இப்ப இருக்கிறது மாசத்துக்குக் கம்மிதான். ஆனா மழைக்கு ஆகாது, அதை விடு. ரெண்டாவது, டவர்லேர்ந்து காத்துல வர்றது. கம்பியே கிடையாது. பெட்டியை ஜன்னல்ல வச்சா போதும். மூலைவீட்டு டியூஷன் டீச்சர் அதைத்தான் வச்சிருக்காங்க. காலைல பறக்குதாம். சாயந்திரம் ஊர்ல எல்லாரும் வீட்டுக்கு வந்து போனைத் திறந்ததும் நொண்டுதாம்."

"உனக்கு மதியம்தானே வேலை?"

"சாயந்திரமும் உண்டு. அதுவும் இல்லாம, ஒரு அளவு வரைக்கும்தான் அந்த வேகம். அளவு தாண்டினா கட்டை வண்டி. மாசக் கடைசில யாருக்கும் நெஞ்சு வலி வராதா என்ன?"

"மூணாவது?"

"ஃபைபர். கண்ணாடி இழை. மழை பெஞ்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. விலைதான் கூட. முதல் ஆறு மாசம் பாதி விலைன்னு பெரிய எழுத்துல போட்டிருக்கான். ஏழாம் மாசத்தைச் சின்ன எழுத்துல போட்டிருக்கான்."

"சின்ன எழுத்தைத்தான் முதல்ல படிக்கணும்," என்றேன். அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவள் நான்.

"படிச்சாச்சு. பெட்டிக்கு வாடகையும் தனி. யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழக் கூடாதும்மா. ஆனா இதைப் பாரு, டவுன்லோடும் அப்லோடும் ஒரே வேகம். மத்தவன் எல்லாம் டவுன்லோடைத்தான் பெருசா காட்டுவான். படம் பாக்கிறவங்களுக்கு அது போதும். நான் பேசணும். என் குரல் இங்கேர்ந்து போகணும். தையல்கார அக்கா இதைத்தான் வச்சிருக்காங்க. ஒரே ஒரு தடவை நின்னுச்சாம். போன் பண்ணினா அன்னைக்கே ஆள் வந்துட்டானாம்."

"மருந்துக் கடைக்காரர் என்ன சொன்னார்?"

"நிக்காத நெட்டுனு உலகத்துல ஒண்ணு கிடையாது, நின்னா ஓடி வர்றவன் யாருன்னு பாருன்னாரு. அப்படியே அவரு வாங்கின மெஷின், அவரு மச்சான் கல்யாணம் எல்லாத்தையும் சொன்னாரு. அதை விடு."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இதே கணக்கை அவரும் வருடா வருடம் போடுவார். விளம்பரத் தாள் வந்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விலை, வேகம், வாடகை என்று ஒன்றுவிடாமல் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஃபைபர்தான் நல்லது என்று முடிவுக்கும் வருவார். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, "இருக்கிறது இருக்கட்டும்" என்பார். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. ஓடுகிற எதையும் மாற்றப் பிடிக்காது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

"அந்தக் கம்பி என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"எந்தக் கம்பி?"

"தெரியாத மாதிரி கேக்காத."

கிளி பேனாவை மூடினாள். "அவங்க வேற வாங்கிப்பாங்க. கடை வச்சிருக்கிறவருதானே? இத்தனை வருஷமா ஓசி நெட் வேணும், அண்ணன் மட்டும் வேண்டாம்."

"சித்தப்பாடி அவர்."

"அந்த முறைய நீயும் அப்பாவும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் சொல்லித் தெரியாது."

வாசலில் ஏணி உரசும் சத்தம் கேட்டது. கிளி எழுந்து போனாள். என்னிடம் கேட்பதற்கு முன்பே ஆளை வரச் சொல்லியிருந்தாள்.

*

சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வீடு, நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் என் கணவரின் தம்பி. வீட்டில் அவரைச் சின்னவர் என்போம். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மாமியார் அவருடன்தான் இருந்தார். நடுச்சுவரில் ஒரு கதவு இருந்தது. அதைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

இணையம் வீட்டுக்கு வந்த புதிதில், "ரெண்டு வீட்டுக்கு எதுக்குடா ரெண்டு?" என்று என் கணவர் எங்கள் மோடத்திலிருந்து ஒரு கம்பியை அந்தக் கதவின் ஓரமாகத் தம்பி வீட்டுக்கு இழுத்துக் கொடுத்தார். மோடத்தின் பின்னால் நான்கு துளைகள். முன்னால் அதற்கேற்ப நான்கு சின்ன விளக்குகள். இரண்டாவது விளக்குக்கு மேல் கிளியின் நகப்பூச்சில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். அது தம்பியின் விளக்கு. எரிந்தால் அந்தப் பக்கம் ஓடுகிறது என்று அர்த்தம்.

பிறகு மாமியாருக்கு உடம்பு முடியாமல் போயிற்று. அறுவை சிகிச்சை வேண்டாம், இருக்கிறவரை இருக்கட்டும் என்றார் சின்னவர். செய்தால் பிழைக்கலாம் என்றார் இவர். மூத்தவர் என்பதால் கையெழுத்து இவருடையது. உள்ளே போன மாமியார் உயிரோடு வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும், "உன் கையெழுத்துலதான் அம்மா போனாங்க" என்றார் சின்னவர். இவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் நின்றது அதுதான் கடைசி.

அந்த வாரமே சின்னவர் அந்தப் பக்கத்திலிருந்து செங்கல் வைத்துக் கதவை அடைத்தார். ஆனால் கம்பியை வெட்டவில்லை. அது போவதற்கு ஒரு துண்டு குழாயை வைத்து, அதைச் சுற்றிப் பூசியிருந்தார். நீரடித்து நீர் விலகாது என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொல்லிப்பார்த்தார்கள். எங்கள் வீட்டில் விலகியது. கம்பி மட்டும் மிஞ்சியது.

பிறகு ஒருநாள் அந்தக் குழாய்ப் பக்கம் சுவரில் மூன்று தட்டு. இவர் எழுந்தார். மோடத்தை அணைத்தார். சற்று நின்று மறுபடி போட்டார். விளக்குகள் வந்ததும் சுவரில் ஒரு தட்டு தட்டினார். அந்தப் பக்கம் நெட் போயிருக்கிறது, போட்டாகிவிட்டது, அவ்வளவுதான் சேதி.

அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. மூன்று தட்டுக்கு ஒரு தட்டு. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இடது கையால் போய் அணைத்துப் போடுவார். கிளிக்குப் பரீட்சைக் காலத்தில் ஆத்திரமாக வரும்.

"நல்லா ஓடிட்டு இருக்கிறதை எதுக்குப்பா ஆஃப் பண்றீங்க?"

"அந்தப் பக்கம் போயிருக்கும்மா."

"இங்க ஓடினா அங்கயும் ஓடணும்தானே?"

"கம்பி பழசு இல்ல?" என்பார்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகும் ஒருநாள் தட்டு வந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "தட்டுறான் பாரு. போய் ஆஃப் பண்ணிப் போடு. ஒரு தட்டு தட்டிடு, மறந்துடாத," என்றார். அணைத்துப் போட்டேன், தட்டினேன். வெகுநேரம் சத்தமில்லை. பிறகு மறுபடியும் மூன்று தட்டு. இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் அணைத்துப் போட்டேன், மறுபடியும் தட்டினேன்.

பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர் இறந்த அன்று சின்னவர் வந்திருந்தார். கூட்டத்தின் கடைசியில் நின்றார். அதற்குப் பிறகு மழையில் எத்தனையோ தடவை நெட் போய் வந்தது. சுவர் மட்டும் தட்டவில்லை.

*

வந்தவர் ஏணியை வாசலில் சாய்த்துவிட்டு, கால்மிதியில் காலை நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நடுத்தர வயது. காதில் ஒரு பேனா, வாயில் ஓயாத பேச்சு.

"முன்னாடியே போட்டிருக்க வேண்டிய வீடும்மா இது. உங்க வீட்டுக்காரர்கிட்ட நானே ரெண்டு மூணு தடவை வந்து கேட்டிருக்கேன். உக்கார வச்சு டீ குடுப்பார். எல்லாம் விசாரிப்பார். அப்புறம் பாக்கலாம்பார். சார் எங்க, வேலைக்கா?"

கிளி என்னைப் பார்த்தாள். "அப்பா இல்லீங்க. தவறிட்டாரு," என்றாள்.

அவர் காதிலிருந்த பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். கம்பிச் சுருளைப் பிரித்தார். ஏணியில் ஏறி இறங்கினார். பிறகு எங்கே துளை போடலாம் என்று பார்க்க நடுச்சுவருக்குப் போய், விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மூன்று தட்டு.

கிளியும் நானும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் திரும்பினோம்.

"அங்க தட்டாதீங்க," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"இல்லம்மா, உள்ள காலியா இருக்கான்னு பாத்தேன்." கையை எடுத்துக்கொண்டார். "இங்க ஏற்கெனவே ஒரு குழாய் இருக்கே. இதுல என்ன கம்பி போகுது?"

"பக்கத்து வீட்டுக்கு," என்றாள் கிளி. "எங்க நெட்டைத்தான் அவங்களும் வச்சுக்கிட்டிருக்காங்க. இன்னையோட அது முடியும்."

"பக்கத்து வீடுன்னா, இந்தப் பச்சைக் கேட்டா? கண்ணாடிக் கடைக்காரர் வீடுதானே?"

"ஆமா."

"அவருக்கு நாங்கதானே குடுக்கிறோம்."

கிளிக்குப் புரியவில்லை. "நீங்கன்னா?"

"எங்க கம்பெனி ஃபைபர்தான் அந்த வீட்டுக்கு ஓடுது. இந்தத் தெருவுக்குள்ள இழுத்ததும் முதல் கனெக்‌ஷனே அவருதான். நான்தான் போட்டுக் குடுத்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நீங்க அப்ப ஸ்கூல் யூனிஃபார்ம்ல சைக்கிள்ல வந்து, ஏணிய நகத்துங்க அங்கிள், லேட் ஆகுதுன்னு சண்டை போட்டீங்க." சிரித்தார். "ஒரு கம்ப்ளைன்ட் வராதும்மா அந்த வீட்டிலேர்ந்து. வேணும்னா போய்க் கேட்டுப் பாருங்க, எங்க லைன் எப்படின்னு."

தெரு முழுக்க விசாரித்தவள் அந்த ஒரு வீட்டில் மட்டும் கேட்கவில்லை.

கிளி குனிந்து மோடத்தைப் பார்த்தாள். "அப்ப இந்தக் கம்பி?"

அவரும் குனிந்தார். "இந்த லைட் எரியலயே. ரெண்டாவது. அந்தப் பக்கம் எதுலயும் சொருகல, சும்மா தொங்குது. இல்லன்னா லைட் வரணும்." சிவப்புப் புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "இது யாரு வச்சது? உருவிடவாம்மா இந்தக் கம்பிய? குழாய் நமக்கு ஆகும்."

"இருக்கட்டும்," என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று தெரிந்தது.

"வேற துளை போடுங்க," என்றாள் கிளி. "ஜன்னல் பக்கமா."

அவர் ஜன்னலுக்குப் போனார். நான் மோடத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதல் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அதை அடுத்து, நகப்பூச்சுப் புள்ளிக்குக் கீழே, இருட்டு.

அந்த விளக்கு எப்போது அணைந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அதைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் பார்ப்பார். லிஃப்ட் பலகையில் எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று பார்த்தே பிழைத்த மனிதர். ஒவ்வொரு தடவை அணைத்துப் போட்ட பிறகும் இதே இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான்கு விளக்கையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். பிறகுதான் சுவரைத் தட்டுவார்.

அவருக்குத் தெரியும். தம்பிக்கு இணையம் தேவையில்லை என்று தெரியும். அண்ணன் விளக்கைப் பார்க்காமல் இருக்க மாட்டான் என்று தம்பிக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் சின்னவர் மூன்று தட்டு தட்டினார். இவர் எழுந்து போய், ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்ததை அணைத்துப் போட்டு, ஒரு தட்டு தட்டினார். கேட்டால் சொல்லிக்கொள்ள இருவருக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தக் காரணத்துக்காகவே இவர் கடைசிவரை இந்த ஈரக் கம்பியைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்.

நான் தட்டிய அந்த நாளும் நினைவுக்கு வந்தது. என் கை வேறு கை என்று அந்தப் பக்கம் தெரிந்துவிட்டது. மறுபடியும் வந்த மூன்று தட்டு நெட்டுக்காக இல்லை. அண்ணன் எங்கே என்று சின்னவர் கேட்டிருக்கிறார். நான் மோடத்தை அணைத்துப் போட்டேன்.

*

மதியத்துக்கு முன்பே புது இணைப்பு ஓடத் தொடங்கியது. ஏணிக்காரர் கைப்பேசியில் வேகத்தை அளந்து காட்டினார். முள் ஒரே தாவலில் அந்த ஓரத்துக்குப் போய் நின்றது. "பாத்தீங்களா?" என்று பிள்ளை மதிப்பெண்ணைக் காட்டுகிற தகப்பன் போல நின்றார். டீ கொடுத்தேன். "சார் குடுத்த அதே டம்ளர்," என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று தலையைக் குனிந்துகொண்டு குடித்தார்.

கிளி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யார் பேசுகிறார்கள் என்று வெளியே கேட்காது. அவள் குரல் மட்டும் கேட்கும். அவள் வேலையில் ஒரு விதி உண்டு. "அந்த அம்மா இப்படிச் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. அந்த அம்மாவாகவே பேச வேண்டும். அவர்கள் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் யாருக்கோ சர்க்கரை. பிறகு யாருக்கோ கால் எலும்பு. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். திடீரென்று கிளியின் குரல் தணிந்தது.

"எங்களால முடிஞ்சதை எல்லாம் செஞ்சோம். உங்க கணவர் இன்னைக்குக் காலைல இறந்துட்டாரு."

குழாயை மூடினேன்.

சற்று நேரம் ஒன்றுமில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பயந்தேன். அறுந்திருந்தால் நன்றாக இருக்குமே என்றும் ஒரு கணம் தோன்றியது. அறுபடவில்லை. அந்தப் பெண்ணின் மௌனம் அப்படியே, ஒரு துளி சிந்தாமல், எங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. நல்ல லைன் என்றால் கெட்ட செய்தியும் முழுதாகத்தான் வரும்.

பிறகு கிளி டாக்டருக்குச் சொன்னாள், எனக்கும் தெரிந்த ஆங்கிலத்தில். "நான் ராத்திரி வீட்டுக்குப் போயிருக்கக் கூடாது. போயிட்டு வான்னு அவர்தான் சொன்னாரு. அவர் கூப்பிட்டாரா? என்னைக் கேட்டாரா?"

அது அவள் கேள்வியில்லை என்று எனக்குத் தெரியும். யாரோ ஒருத்தியின் கேள்வி. ஆனால் குரல் என் மகளுடையது.

"கேட்டாரு," என்றாள் கிளி, இப்போது டாக்டராக. "வந்துடுவாங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. சரின்னு தலையாட்டினாரு."

கிளி வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மேலாளர் ஒரே வரி அனுப்பியிருந்தார்: நன்றாகச் செய்தீர்கள், தொடருங்கள். அதை என்னிடம் காட்டிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். வேலை தங்கிவிட்டது. இருவருக்கும் சந்தோஷப்பட வரவில்லை.

மோடத்துக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். பழைய பெட்டியை நான் அணைத்திருக்கவில்லை. புதுப் பெட்டி ஜன்னலோரம் நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா. நீ அப்பாவோட ஆஸ்பத்திரில இருந்த அந்தக் கடைசி நாள். நான் ஷிஃப்ட் முடிச்சிட்டு வர்றேன்னு சொன்னேன் இல்ல?"

"ஆமா."

"அன்னைக்கு தட்டினாரும்மா."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"மூணு தட்டு. நான் கால்ல பேசிட்டு இருந்தேன். ஆஃப் பண்ணினா எனக்குக் கட் ஆகும். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் மூணு. அப்பா ஆஸ்பத்திரில கிடக்கிறாரு, இவருக்கு நெட் கேக்குதான்னு எனக்கு எரிஞ்சுது. ஹெட்போனை அழுத்திக்கிட்டேன். மறுபடியும் தட்டினாரு. அப்புறம் நிறுத்திட்டாரு." மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டு நாளா இந்தப் பக்கம் அப்பா சத்தமே கேட்டிருக்காது. என்ன ஆச்சுன்னு கேட்டிருக்காரு. அவ்வளவுதான். நான் எல்லார் சொல்றதையும் எல்லாருக்கும் மாத்திச் சொல்றேன். பக்கத்துச் சுவத்துல கேட்டது எனக்குப் புரியல."

"யாருக்கும் புரியலடி. எனக்கும்தான்."

"அந்த ஒரு தட்டு பாக்கி இருக்கும்மா."

எழுந்தாள். பழைய பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். அப்பா நிற்பது போலவே சற்று நின்றாள். போட்டாள். குத்துக்காலிட்டு நான்கு விளக்குகளையும் பார்த்தாள். இரண்டாவது எரியவில்லை. பிறகு குழாய்ப் பக்கம் போய், விரல்களை மடக்கி, சுவரில் ஒரு தட்டு தட்டினாள்.

காத்திருந்தோம்.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபட்டது. பிறகு சத்தமில்லை. மூன்று தட்டு வரும் என்று கிளி சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. அவள் முகம் தொங்கியது.

அப்போது இரும்புக் கேட் முனகியது. எங்களுடையது இல்லை, பச்சை நிறமடித்த கேட். கீல் துருப்பிடித்த அந்தச் சத்தம் தெருவுக்கே தெரியும். நாலைந்து காலடி. பிறகு எங்கள் கேட். வாசல்படியில் காலடிகள் வந்து நின்றன.

மணி அடிக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நிற்பது மட்டும் கீழிடுக்கில் நிழலாகத் தெரிந்தது. நிழல் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறியது. திரும்பிப் போகப் பார்த்தது. மறுபடி நின்றது. இத்தனை வருடம் சுவரைத் தட்டிய கைக்குக் கதவைத் தட்ட வரவில்லை.

"யாரும்மா?" என்றாள் கிளி, தெரிந்துகொண்டே, மெதுவாக.

நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். அவரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. விளக்கு எரியவில்லை என்று அண்ணனுக்குத் தெரியும் என்று சொல்லலாமா? தட்டுறான் பாரு என்று அவர் எழப் பார்த்ததைச் சொல்லலாமா? அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்ன வார்த்தையை இந்த வாசலில் யார் எடுப்பது, யார் வைப்பது?

கிளி வந்து என் பக்கத்தில் நின்றாள். வேலைக்கு உட்காரும்போது செய்வதுபோல முகத்தைத் துடைத்து, தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.

"திறம்மா," என்றாள். "நடுவுல நான் நிக்கிறேன்."

தாழ்ப்பாளை இழுத்தேன்.